தேதி இடிக்கிறது

ஊட்டிக்குப் போக ரயில் டைம்டேபிள் இருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பு பிளாக்கில் அது போதாது. நாலு வீட்டுப் பெண்களின் தேதியும் வேண்டும்.

டைம்டேபிளைப் பார்த்து வழி போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் ஒருத்தரும் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் ஏறிச் சேலம். சேலத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி, ஊட்டி ஏரியில் படகு. பிறகு கோயம்புத்தூருக்கு இறங்கி, பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல் போய், ரயில் மாறிக் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஏறினால் இன்னொரு ஏரி. இரண்டு மலை, இரண்டு ஏரி, மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம். என் கணவர் கருணாகரன் சுரங்கத்தில் ஃபோர்மேன். கன்வேயர் பெல்ட் எங்கே அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டைம்டேபிளைத் திறந்தால் மட்டும் அவருக்குத் தலை சுற்றும். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. நானும் ஆசையாகச் செய்தேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் கிடந்த மாதங்களைவிட ஆடு மேய்ந்த மாதங்கள்தான் அதிகம். வாழ்க்கைப்பட்டு வந்தது நெய்வேலிக்கு. காயப்போட்ட வெள்ளைத் துணியில் சாயங்காலத்துக்குள் கரித்தூள் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். மலை என்று பார்க்க வேண்டுமானால் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடுதான். எனக்கு முப்பத்திரண்டு வயது. நிறையத் தண்ணீர் இருக்கிற ஓர் ஏரியை, குளிரில் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை லீவில் அது கிடைத்துவிடும் போலிருந்தது.

நாலு குடும்பம் சேர்ந்து போவதாக ஏற்பாடு. நாங்கள், எதிர்வீட்டுச் சக்கரபாணி, அடுத்த தெரு சண்முகசுந்தரம், அப்புறம் சங்கரலிங்கம். இந்தச் சங்கரலிங்கம் ஆபீஸில் சூப்பரின்டெண்டென்ட், பிளாக் பிள்ளையார் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். நாலு பேர் கூடினால் அதற்குத் தலைவர் தான்தான் என்று பிறந்த அன்றைக்கே யாரோ அவர் காதில் ஓதியிருக்க வேண்டும்.

முதல் கூட்டம் எங்கள் வீட்டில். பஜ்ஜியைத் தின்றுகொண்டே நான் போட்ட வழியைக் கேட்டார்.

“பொள்ளாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவுல என்னம்மா வருது?”

“உடுமலைப்பேட்டை” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“அதுக்கப்புறம்?”

“பழனி.”

“முருகன் வாசல் வழியாவே ரயில்ல போவோமாம். எறங்கி ஒரு கும்பிடு போடாம ஏரி பாக்கப் போவோமாம். நல்லாவா இருக்கு?”

ஆண்கள் மூன்று பேரும் நல்லாயில்லை என்று தலையாட்டினார்கள். கொடைக்கானலில் ஒரு நாள் போயிற்று, பழனியில் ஒரு நாள் நுழைந்தது. எனக்கு முருகனோடு ஒரு சண்டையும் கிடையாது. என் வீட்டிலும் சஷ்டி விரதம் உண்டு. என்றைக்கும் நான் பார்த்திராத ஏரிக்கு இந்த ஆள் யார் நாள் குறைக்க என்றுதான் எரிந்தது.

மறுநாள் ஆண்களெல்லாம் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போன பிறகு சங்கரலிங்கத்தின் மனைவி கஸ்தூரியம்மாள் வந்தாள். உட்காரவில்லை, கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

“தப்பா நெனைச்சுக்காதே கமலா. கோயில் சேந்துடுச்சில்ல, அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. உனக்கு எப்போ தூரம்?”

மாதவிலக்கு என்ற சொல் எங்கள் பிளாக்கில் யார் வாயிலும் வராது. தூரம் என்பார்கள், இல்லாவிட்டால் தேதி என்பார்கள். பெண்ணுக்குப் பெண் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் கார்டு நம்பரைச் சொல்வதுபோல உள்ள தேதியை உள்ளபடி சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை மறந்தும் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சங்கரலிங்கம் வீட்டில். பெண்கள் அடுக்களையில் இருந்தோம். நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் போகிறேன், சங்கரலிங்கம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொல்கிறார்:

“எல்லாம் சரியா அமைஞ்சிருக்கு கருணாகரன். உங்க வீட்லதான் தேதி இடிக்குது. கரெக்டா பழனி அன்னிக்கு.”

என் உடம்பின் தேதி அந்த ஆளின் வாயில், வெற்றிலைச் சாற்றோடு புரண்டது. சக்கரபாணி காபியை எடுக்கக் கையை நீட்டியவர், என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்த்தார்.

“டூரை ஒரு நாலு நாள் தள்ளி வச்சா?” என்று கேட்டார்.

“அப்போ உங்க வீட்ல பார்வதிக்கு இடிக்கும்” என்றார் சங்கரலிங்கம். அவருக்கு எல்லார் தேதியும் மனப்பாடம்.

“ரெண்டு மெஷின் ஒரே சமயத்துல ஷட்டவுன் ஆனா கஷ்டம்தான்” என்றார் சண்முகசுந்தரம்.

சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். “பழனியில நான் ஸ்டேஷன்லயே உக்காந்துக்கறேன். நீங்கள்லாம் மேல போய்ட்டு வாங்க” என்றேன்.

சங்கரலிங்கம் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: “அது எப்படி கருணாகரன்? ஒரே பெட்டி, ஒரே சாப்பாட்டுக் கூடை. பஞ்சாமிர்தத்தை மடியில வச்சுக்கிட்டு எல்லாரும் ஒட்டிக்கிட்டுத்தானே வரணும்? தீட்டு எல்லாருக்கும்தானே?”

“அதுக்கென்ன சார், மாத்திரை இருக்கே. தள்ளிப் போட்டுடலாம்” என்றார் என் கணவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக அந்த மாத்திரையை விழுங்கினேன். அதற்கப்புறம் பட்ட பாட்டை எழுத முடியாது. பாயோடு பாயாகக் கிடந்தேன். இனிமேல் இதைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா திட்டியபோது, பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்று தலையாட்டியவர் இவர்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அதைக் கேட்டேன்.

“ஒரு தடவைதானே கமலா. நம்மளால டூர் கெட்டுதுன்னு பேரு வரணுமா?”

“முடியாது.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார். அப்புறம், “உனக்கு முடியலைன்னா விடு. நீ வீட்ல ரெஸ்ட் எடு. நானும் மல்லிகாவும் போய்ட்டு வரோம்” என்றார். பெரிய தியாகம் செய்கிற குரல்.

மல்லிகா எங்கள் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. நான் போட்ட வழியில், நான் பார்க்க ஆசைப்பட்ட ஏரிக்கு, என்னைத் தவிர எல்லாரும் போவார்கள். அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மறுநாள் கஸ்தூரியம்மாள் பின்பக்கமாக வந்தாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்து நின்றாள்.

“உன்னை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“பார்வதி சொன்னது பொய். சண்முகசுந்தரம் வீட்டுத் தனபாக்கியம் சொன்னதும் பொய். நான் அவருகிட்ட என் தேதின்னு சொன்னது இருக்கே, அது எல்லாத்தையும் விடப் பெரிய பொய். போன வருஷம் திருப்பதியில அவரு பக்கத்துல நின்னுதான் கும்பிட்டேன். மலை என்ன இடிஞ்சா விழுந்துடுச்சு? நீ ஒருத்திதான் உத்தமி மாதிரி உள்ளதைச் சொல்லிட்டு நிக்கறே.”

“எல்லாம் தெரிஞ்சுமா வீடு வீடா வந்து கேட்டீங்க?”

“நான் கேக்கலைன்னா அவரே வந்து கேப்பாரு. பரவாயில்லையா?”

இந்தப் பெண்மேல் கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் ஈரத் துணியைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை” என்றாள். “நாளைக்கே வந்துடுச்சுன்னு சொல்லு. வெயில் சூடு, முன்னாடியே வந்துடுச்சுன்னு சொல்லு. ஆனா பின் வராந்தாவுல மூணு நாள் பாய் போட்டு உக்காரணும். நாலு பேர் பாக்கணும், அப்பத்தான் அவரு நம்புவாரு. பழனியில நெஜமாவே வந்தா வாயை மூடிக்கிட்டு வா. முருகனா வந்து கேக்கப் போறாரு?”

சீ என்றிருந்தது. ஆனால் ஏரியும் கண்ணில் நின்றது. மறுநாள் காலையில் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின் வராந்தாவுக்குப் போனேன்.

என் கணவருக்கு அப்படியொரு நிம்மதி. “சூடுதான்” என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார். சாயங்காலம் வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. காலை ஊன்றி நின்றபடியே, “பாத்தீங்களா கருணாகரன்! பாதையை முருகனே சரி பண்ணிட்டான்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார் சங்கரலிங்கம். பின்பக்க வேலியோரம் வந்து நின்ற பார்வதி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இத்தனை பேர் சேர்ந்து நடிக்கிற நாடகத்தில் ஆண்கள் மட்டும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்போல முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் வீட்டுக்குள் நடந்தது.

தனிக்குடித்தனத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்று கல்யாணமான புதிதில் சொன்னவர் இவர். அந்த நாட்களிலும் என் கையால்தான் காபி குடித்தார், என் சமையலைத்தான் சாப்பிட்டார், ஒரே படுக்கையில்தான் படுத்தார். அப்படிப்பட்டவர் முதல் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு கால் கட்டைவிரலால் அதை என் பக்கம் தள்ளினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எங்கேயோ உள்ளே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். தட்டு சிமெண்டுத் தரையில் கீறிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. நான் அந்தச் சோற்றைத் தின்றேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

இரண்டாம் நாள் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார், டம்ளரில் பாத்திரம் படாமல். மல்லிகா தலை பின்னிக்கொள்ளச் சீப்போடு வந்தபோது, “அம்மாகிட்டப் போகாதே, தொடாதே” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரே கோணல் வகிடு எடுத்துப் பின்னி அனுப்பினார். குழந்தை வாசற்படி தாண்டும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்ன வியாதி என்று அவள் நினைத்தாளோ.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபட்டு வந்தாள். முழங்கால் தோல் உரிந்து, மண்ணும் ரத்தமுமாக இருந்தது. அழுதுகொண்டே என்னைத் தேடிப் பின்பக்கம் ஓடி வந்தவள், பாய்க்கு நாலடி தள்ளிச் சட்டென்று நின்றுவிட்டாள். வரவில்லை. திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

“போகலாமாப்பா?”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோடா கண்ணு” என்றார் அவர்.

இரண்டே நாளில் என் பெண் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நானும் பாய் போட்டு உட்கார்ந்து உதவியிருக்கிறேன். நான் எழுந்து போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“கமலா!” என்று பதறினார். “என்ன பண்றே நீ?”

“எனக்கு ஒண்ணும் வரலை. பொய் சொன்னேன்.”

“என்னது?”

“மூணு நாளும் நான் சுத்தமாத்தான் உக்காந்திருந்தேன். நீங்கதான் காலால தட்டைத் தள்ளிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால்கூடப் போதும். அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“அப்போ... பழனி அன்னிக்கு வந்துடுமே!”

“வரும்.”

“அப்போ மூணு நாளா நான் சமைச்சதெல்லாம் வீணா?”

இந்த மனிதரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மலை ஏறுவதற்காகத்தான் இவ்வளவும் செய்தேனா என்று இருந்தது. மல்லிகா என் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் ரத்தம் என் புடவையில் பட்டது.

“நீங்க எல்லாரோடவும் பழனிக்குப் போங்க” என்றேன். “நானும் இவளும் ஊட்டியிலேயே தங்கிடறோம். ஆசை தீர ஏரியைப் பாத்துட்டு, வந்த வழியே நாங்க திரும்பிக்கறோம். வழி எனக்குத் தெரியும்.”

“சங்கரலிங்கம் கேட்டா என்னன்னு சொல்றது?”

“தேதி இடிச்சுதுன்னு சொல்லுங்க. என் தேதி என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“வெளையாடறியா? தெரியாத ஊர்ல ரெண்டு பொம்பளைங்க தனியா எப்படி இருப்பீங்க?”

“சொந்த வீட்லயே மூணு நாள் தனியா இருந்துட்டேன்” என்றேன். “தெரியாத ஊர் என்ன பெரிசு.”