கூடம்தான்

பெஞ்சுகளையெல்லாம் வெளியே புல்தரையில் இறக்கிப் போட்டிருந்தார்கள். கால் ஓய்ந்துபோய் அவள் அதில் ஒன்றில் உட்கார்ந்த பிறகுதான், "அம்மா, வார்னிஷ்" என்று சொல்லிக்கொண்டே தச்சர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவசரமாக எழுந்தாள். புடவை பெஞ்சை விட மனசில்லாமல் பிய்த்துக்கொண்டு வந்தது. புருஷன் செத்த மறுநாள் காலையில், வந்ததும் வராததுமாக, கல்லூரியின் அந்தச் சேப்பல் தன்மேல் ஒரு கறையை வைத்துவிட்டதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அது அவளுக்குச் செய்துவருவது இதைத்தான்.

அவர் இன்னும் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தார். மதியத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எடுத்து எங்கே கொண்டுபோவது என்பதற்குத்தான் அவள் கல்லூரி முதல்வரைப் பார்க்க வந்திருந்தாள். சேப்பலில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், ஜெபம் அங்கேயே முடிய வேண்டும், பிறகு கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான். அவராக இப்படி ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கப்பட்டிருப்பார். ஆனாலும் அவருக்கு வேறு இடம் ஏது? கடல் கடந்து இருக்கிற மகனும் காலையில் போனில் அதையே சொன்னான். அவன் வந்து சேர இன்னும் இரண்டு நாளாகும், காத்திருக்க வேண்டாம் என்றான். "சேப்பல்ல வச்சுக்கோங்கம்மா. வீட்டுக்குன்னா யாரு வருவாங்க?" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதனால்தான் வலித்தது.

அவர் அந்தக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். உலகத்தில் எத்தனையோ சாம்ராஜ்யம் எழுந்து விழுந்திருக்க, அவர் மனசு போய் ஒட்டிக்கொண்டது வகுப்பறைக்குப் பின்னால் நின்ற அந்த ஒற்றைக் கட்டடத்தில். லீவு நாளில் ஏணி போட்டு ஏறி உத்தரத்தைத் தடவிப் பார்ப்பார். சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தார் என்றுகூடப் பையன்கள் கதை கட்டினார்கள். சாப்பாட்டு வேளை தப்பி அவர் வராதபோது பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் அவள், "சக்களத்தி வீட்டுக்குப் போயிருக்காரு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உள்ளே எரியும்.

ஒரு வார்த்தையில்தான் எல்லாம் வந்து நின்றது. கட்டடத்தின் நெற்றியில் 'ஆலயம்' என்று எழுதியிருந்தது. அது ஆலயம் இல்லை, கூடம் என்று அவர் கண்டுபிடித்தார். கட்டியது பையன்கள் உடற்பயிற்சி செய்வதற்கு. ஜன்னல்கள் அத்தனை உயரத்தில் இருப்பது வானத்தைப் பார்க்க அல்ல, பந்து பட்டுக் கண்ணாடி உடையாமல் இருக்க. விளக்குகள் தொங்கும் கொக்கிகள் கயிறு ஏறப் போட்டவை. பிறகு ஒரு காய்ச்சல் வருஷத்தில் அங்கே கட்டில் போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். அதற்கும் பிறகு நிஜமான ஆலயத்தின் கூரை இடிந்து விழுந்தபோது, பழுது பார்க்கும் வரைக்கும் இங்கே ஜெபம் நடக்கட்டும் என்றார்கள். பழுது யாரும் பார்க்கவில்லை. தற்காலிகமாக வந்தது அப்படியே தங்கிவிட்டது. தற்காலிகம்தானே என்று யாரும் அதைப் பிரதிஷ்டை செய்யவும் இல்லை.

இதை அவர் எழுதி அச்சில் வந்ததும் பேராயர் அலுவலகம் படித்தது. பிரதிஷ்டை ஆகாத இடத்தில் கல்யாணமும் கூடாது, அடக்க ஆராதனையும் கூடாது என்று உத்தரவு போட்டது. தாங்கள் படித்த கல்லூரியில் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக் காத்திருந்த பழைய மாணவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். 'கூடம் சார்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான். போனை எடுத்தால் "கூடம் சார் பேசறேன்" என்று தானே சொல்லிச் சிரித்தார். அவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் வாயால் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அவளுக்கு அது 'அந்தக் கட்டடம்', இல்லாவிட்டால் சக்களத்தி.

முதல்வர் அறையில் கல்லூரிப் போதகரும் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் வந்த இளைஞர். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். முதல்வர் அவள் புருஷனிடம் படித்த பழைய மாணவர். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பும் இல்லை. காபி வரவழைத்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. போதகர் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஆலயம்னா தாராளமா கொண்டு வரலாம்மா. இது கூடம்னு சாரே எழுதிட்டாரே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். ஊரெல்லாம் ஏசியும் அசையாத மனுஷன், கடைசியில் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறார்.

முதல்வர் போதகரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கட்டடத்தின் நூற்றாண்டு விழா. விழா மலர் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது. 'நூறாண்டு கண்ட ஆலயம்' என்று போட வேண்டும் என்பது மலர்க் குழுவில் எல்லோருக்கும் ஆசை. ஆனால் குழுவில் சாரும் இருந்தார். சார் ஒத்துக்கொள்ளாததைச் சார் உயிரோடு இருக்கும்போது போட முடியுமா? பிரதிஷ்டை நடந்தது என்று சொல்கிற வயதானவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், சார்தான் அவர்களை நம்பவில்லை. இதையெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"கடைசியில சார் மனசு மாறிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. பேராயர் ஆபீஸுக்கு இப்பவே போன் பண்றேன். பாடகர் குழு, மணி, காலேஜ் முழுக்க வந்து நிக்கும். ராஜா மாதிரி அனுப்பி வைப்போம் சாரை."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் சங்கடமாக இருந்தது. அவள் கண்ணில் அது முழுசாக வந்து நின்றது. வார்னிஷ் காய்ந்த பெஞ்சுகள், வரிசை வரிசையாகத் தலைகள், உயரமான ஜன்னல்களிலிருந்து இறங்கும் வெளிச்சம், நடுவில் அவர். வீட்டை நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வருவாள். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்த முடிந்தால் வருவார். வேறு யார் பெயரும் வாயில் வரவில்லை. அவளுக்கும் அவருக்கும் வேறு மனிதர்களைச் சேர்த்துவைக்க நேரம் எங்கே இருந்தது? அந்தக் கட்டடம்தானே எல்லாவற்றையும் தின்றது. ஒரு வார்த்தை. செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

"கடைசியா சார் என்ன சொன்னார்?" என்று முதல்வர் எடுத்துக்கொடுத்தார்.

கடைசியாக அவர் சொன்னது மேற்கு ஜன்னலைச் சாத்தச் சொல்லி. சாரல் அடிக்கும் என்றார். அவள் எழுந்துபோய் ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலைச் சாத்தினாள். "அது இல்ல" என்றார். வீட்டில் மேற்குப் பக்கம் ஜன்னலே கிடையாது. எந்த ஜன்னல் என்று அவளுக்குப் புரிந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. மகனைக் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கோபத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை.

"ஜன்னலைச் சாத்தச் சொன்னார்" என்றாள்.

முதல்வர் காத்திருந்தார். மேஜைமேல் மலரின் அட்டை கிடந்தது. படத்தில் கட்டடம் அழகாகத்தான் இருந்தது. 'ஆலயம்' என்ற எழுத்துகள் தங்க நிறத்தில் இருந்தன. அதைப் பார்த்தால் அவர் எப்படிக் குதிப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். சாப்பிட மாட்டார். ராத்திரி எழுந்து எழுந்து உட்காருவார். 'பொய்யை ஒருதரம் அச்சுல ஏத்திட்டா இறக்க முடியாது' என்று இருட்டில் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அவர் மாறல, சார்."

"அம்மா, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"அது கூடம்தான்" என்றாள் அவள். "கூடம்னே போடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவளுக்குத் தெரிந்தது. காபியைக் குடிக்காமல் எழுந்தாள். முதல்வர் வாசல் வரை கூட வந்தார். இன்றைக்கு விழாவுக்கான ஒத்திகை இருக்கிறது, முடிந்தால் யாரையாவது அனுப்புகிறேன் என்றார். கோபம் இல்லை, ஏமாற்றம்தான். வெளியே தச்சர் இன்னொரு பெஞ்சை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் கட்டடத்தின் பக்கம் திரும்பாமல் நடந்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தைக்காக அவரை அனாதை மாதிரி அனுப்பப்போகிறாள். கெட்டிக்காரியாக இருந்திருந்தால் வார்த்தையை விட்டுவிட்டு மனுஷனை அல்லவா பார்த்திருப்பாள்.

ஆஸ்பத்திரி வண்டியில் அவரோடு வந்தாள். ஓட்டுநரும் உதவியாளரும் பெட்டியைத் தூக்கி மாடிப்படித் திருப்பங்களில் சாய்த்தும் நிமிர்த்தியும் மேலே கொண்டுவந்தார்கள். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். கதவைத் திறந்ததும் ஓட்டுநர் கேட்டார்.

"எங்கம்மா வைக்கிறது? உள் ரூம்லயா?"

"கூடத்துல வைங்க" என்றாள்.

இந்தமுறை வார்த்தை சிக்கலில்லாமல் வந்தது. தையல்காரம்மா ஏற்கெனவே சோபாவை ஓரம் தள்ளி, தரையைத் துடைத்து வைத்திருந்தாள். பெட்டியை வைத்ததும் இடம் நிறைந்துவிட்டது. தையல்காரம்மா அவள் புடவையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, மாற்றிக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றாள். மருந்துக்கடைக்காரர் வந்து சுவரோரம் நின்றார். வேலை முடிந்தும் ஓட்டுநரும் உதவியாளரும் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எப்படியும் அவர்கள்தான் வர வேண்டும். ஒவ்வொரு முறை படியில் காலடி கேட்கும்போதும் அவள் வாசலைப் பார்த்தாள். காலடி வேறு மாடியில் நின்றுவிடும்.

கடைசியில் போதகர் வந்தார். தனியாக, அங்கியை ஒரு துணிப்பையில் சுருட்டிக்கொண்டு. முதல்வர் ஒத்திகையில் இருப்பதாகச் சொன்னார். வீட்டில் ஜெபம் செய்ய யாரும் தடை சொல்ல முடியாது என்று, யாரோ தடை சொன்னதுபோல், சேர்த்துச் சொன்னார். சமையலறைக்குப் போய் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு வசனம் வாசித்தார். குரல் நன்றாக இருந்தது, அந்தச் சின்ன அறைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு தயங்கினார்.

"எனக்குச் சாரோட அவ்வளவாப் பழக்கமில்ல. அவரைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரம்மா அவளைப் பார்த்தாள். ஓட்டுநர்கூட அவளைத்தான் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். அவரைப் பற்றி என்ன சொல்வது? நல்லவர் என்று சொல்லலாம். நல்லவர்தான். எந்தப் புருஷன் பெட்டிக்குப் பக்கத்திலும் அதைச் சொல்லலாம்.

"அஸ்திவாரம் தோண்டும்போது தண்ணி வந்துடுச்சாம்" என்று ஆரம்பித்தாள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"அதனால கட்டடத்தைப் பத்தடி தள்ளிக் கட்டினாங்க. அந்த ஊத்துதான் இப்பவும் பின்பக்கம் சுவர்ல ஓதம் ஏத்துது. எத்தனை சுண்ணாம்பு அடிச்சாலும் நிக்காது, அடிக்கவே வேண்டாம்னு இவர் சொல்லுவார்."

பிறகு அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. உத்தரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது, வழியில் எந்த ஆற்றில் பாதி மரம் போனது என்று சொன்னாள். கயிறு ஏறப் போட்ட கொக்கிகளைச் சொன்னாள். பந்து விளையாடிய பையன்களில் ஒருவன் பின்னால் அதே இடத்தில் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததைச் சொன்னாள். கூரை இடிந்த அன்றைக்கு ஆர்மோனியத்தை மட்டும் மழையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவரைச் சொன்னபோது உதவியாளர் லேசாகச் சிரித்தார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும், பஸ்ஸிலும், தூக்கம் வராத ராத்திரிகளிலும் காதில் போட்டுக்கொள்ளாமல் கேட்டவை. இத்தனையும் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. போதகர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் வடக்குப் பக்கம் ஒரு கதவு இருந்துச்சு" என்றாள். "அதைச் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. உத்துப் பார்த்தா இப்பவும் கோடு தெரியும். காய்ச்சல் வருஷத்துக்கு முன்னாடி அடைச்சாங்க. இல்ல, பின்னாடியா..."

அவள் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடிதானே?" என்று கேட்டாள்.

போதகர் எழுந்தார், பிறகு மறுபடி உட்கார்ந்தார். அவள் லேசாகக் குனிந்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் இருந்தவர்களும் அசையாமல் காத்திருந்தார்கள்.