தட்டில் நின்ற தண்ணீர்

ஆனி அமாவாசை கழிந்து நாலாம் நாள் காலையில், பால்கனித் தொட்டியில் மூன்று முளைகள் தெரிந்தன. எள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கணவர் சுந்தரேசன் மாதம் தவறாமல் அமாவாசைத் தர்ப்பணம் பண்ணுகிறவர். தாம்பாளத்தில் விட்ட எள்ளையும் தண்ணீரையும் கால் படாத இடத்தில் கொட்ட வேண்டும். கல்கத்தா லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? அதற்காகவே ஒரு மண்தொட்டியைப் பால்கனி மூலையில் வைத்திருந்தோம். செடி கிடையாது, வெறும் மண். எப்போதாவது எள் முளைக்கும், நாலு இலை விட்டு வாடிப் போகும்.

குனிந்து பார்த்தேன். எள்ளின் முளை இலை சின்னதாக, உருண்டையாக இருக்கும். இதில் ஒவ்வோர் இலையும் கவட்டைக் குச்சி போல இரண்டாகப் பிளந்து நின்றது. அந்த இலையை எனக்குத் தெரியும். மயில்மாணிக்கம். என் பெண் மாதவி வளர்த்த கொடி. அவள் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவள் செடிகளையெல்லாம் நானே என் கையால் பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரு விதைகூட அந்த வீட்டில் மிச்சம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றையும் கிள்ளிக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அவர் எழுந்து வருவதற்குள் மண்ணைத் தடவிச் சமன் செய்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன்.

மாதவி கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். ஸால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு நாளில் மத்தியானம் சாப்பிட்டதும் நகவெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்காருவாள். மயில்மாணிக்க விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது, சிலது முளைக்காமலே கிடக்கும். அதனால் ஒவ்வொரு விதையிலும் ஓர் ஓரமாகத் துளித் தோலை மட்டும் வெட்டிவிடுவாள். டிக். டிக். அப்புறம் ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டு, மறுநாள் விரலின் முதல் கணு ஆழத்துக்குப் புதைப்பாள். நாலு நாளில் கவட்டை இலை தலைநீட்டும். முதல்முறை அந்தச் சத்தம் கேட்டபோது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நகம் வெட்டுகிறாளே என்று கத்திக்கொண்டு போனேன். உள்ளங்கையை விரித்து விதையைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எப்போதுமே கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் பிறகுதான்.

எல்லாரும் கொடியை மேலே ஏற்றுவார்கள். இவள் ஐந்து தொட்டிகளைப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டு, கொடியைக் கீழே இறங்க விட்டாள். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுவாள். பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும். எரு போடலாமே என்றால் வேண்டாம், இலைதான் மண்டும், பூ வராது என்பாள். ஆவணியில் பார்த்தால் எங்கள் பால்கனியிலிருந்து இரண்டாவது மாடி ஜன்னல் வரை பச்சை நூல் நூலாகத் தொங்கும். நடுநடுவே மிளகாய்ப் பழச் சிவப்பில் குட்டி நட்சத்திரங்களாகப் பூ. கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொன்னதால், ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கட்டினாள்.

வினை அந்தத் தட்டில்தான் வந்தது.

ஆபீஸ் வேலையாகப் பன்னிரண்டு நாள் பெங்களூருக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று ஒரு வரன் விஷயமாக எங்களுக்குள் சண்டை. பையனைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். பெட்டியோடு கதவருகே நின்று, "தட்டுல நிக்கற தண்ணிய மட்டும் தினம் கொட்டிடும்மா, டெங்கு காலம்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நாளும் துளசிக்குத் தண்ணீர் விட மட்டும் பால்கனிக்குப் போனேன். ஐந்து தட்டிலும் மழைத் தண்ணீர் நின்றது. கண்ணில் படாமல் இல்லை, பார்த்தேன். உன் செடிக்கு நான் என்ன வேலைக்காரியா என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

திரும்பி வந்ததும் அவளுக்கு ராத்திரி வரை ஆபீஸ் வேலை, நான் கொட்டியிருப்பேன் என்ற நம்பிக்கையில் பால்கனிப் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் ஜுரம் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், கார்ப்பரேஷனிலிருந்து ஒரு பெண் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தட்டில் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீருக்குள் நூல் நூலாகப் புழு துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டில் பிறந்த கொசுதான் கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த வருஷம் தெருவுக்குத் தெரு டெங்கு. ஆனாலும் அந்தப் புழுவைப் பார்த்த நிமிஷமே நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் விசாரித்தபோது, தட்டில் தண்ணீர் நிற்க விடாதே என்று அவளுக்கு எத்தனையோ தரம் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வாயிலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் அவர் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகையும் கோபமுமாக, "அம்மா அத்தனை சொன்னாளே, அந்தத் தண்ணியக் கொட்டியிருக்கப்படாதா?" என்று கேட்டார். மாதவி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "சாரிப்பா" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பேரை எடுப்பதில்லை. அவர் துக்கத்தால் எடுக்கவில்லை. நான் பயத்தால் எடுக்கவில்லை.

ஆடி அமாவாசையன்று காலை அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். பால்கனிப் பக்கத்திலிருந்துதான். வீட்டில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். அவர் குளித்துவிட்டு மடியாகத் தர்ப்பணத்துக்கு உட்காருகிற நேரம். அமாவாசையன்று நகவெட்டியைத் தொடுகிற மனுஷர் இல்லை அவர். கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஆபீஸில் இருந்த காலத்தில், அமாவாசையன்று சவரம் செய்துகொள்ள மாட்டேன் என்று தாடியோடு மேலதிகாரிகள் கூட்டத்துக்குப் போனவர். அதனால் அவராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது டிக் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் மறுபடியும் மூன்று கவட்டை இலைகள். இந்தத் தடவை கிள்ளவில்லை, வேரோடு பிடுங்கினேன். பிடுங்கும்போது, "என்னடி வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நான் அவள் மேல் போட்ட பழியை எடுக்க வேண்டும். அதைத்தான் மாதா மாதம் வந்து கேட்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் இந்த மனுஷர் என்னோடு ஒரு கூரைக்குக் கீழே எப்படி இருப்பார்? அறுபத்தாறு வயசில் அவருக்கு நானும் எனக்கு அவரும் தவிர யார் இருக்கிறார்கள்?

அந்த மாதம் முழுக்க மத்தியானங்களில் பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்தேன். புழுக்கம் தாங்கவில்லை என்றார். கொசு வருகிறது என்றேன். அவர் விசிறியை எடுத்துக்கொண்டார்.

ஆவணி அமாவாசையன்று காலையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்குக் கேட்டது. டிக். இந்தத் தடவை பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், அவளையே பார்த்துவிடுகிறேன் என்று கதவைத் தள்ளினேன்.

அவர்தான். ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எதையோ கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மாதவியின் நகவெட்டி. பக்கத்தில் தாம்பாளம், தர்ப்பை, எள். அதோடு ஹோமியோபதி மாத்திரை வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று, காலியாக.

"அமாவாசையும் அதுவுமா நகவெட்டிய எடுத்துண்டு என்ன பண்றேள்?"

திருட்டுத்தனம் பண்ணி அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்தார். குப்பி அவளுடைய ஆபீஸ் பையில் இருந்ததாம், இந்தக் கோடையில்தான் பையைத் திறக்க மனசு வந்ததாம். உள்ளே ஏழு விதைகள் இருந்திருக்கின்றன.

"மந்திரத்துல அப்பா உண்டு, தாத்தா உண்டு, அவருக்கும் அப்பா உண்டு. இவளுக்கு எடமில்லை. மஹாளயத்துல ஒரு தரம் பேர் சொல்லிக்கலாம், அவ்வளவுதான். எள்ளோட இவ கைபட்ட விதையும் கொஞ்சம் போகட்டுமேன்னு பண்ணினேன்."

அவர் விதையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ பண்ணின மாதிரியேதான் வெட்டிப் போடறேன். ஆறு போட்டாச்சு, ஒண்ணுகூட முளைக்கல. கடைசியில அவளைத் திட்டினேனே, அதை மனசுல வெச்சுண்டிருக்கா. என் கையால வரமாட்டேங்கறா. இதான் கடைசி விதை."

அந்த நிமிஷம் எனக்கு மாதவியின் பார்வை புரிந்தது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் போனாள். நான் அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக இந்த மனுஷரை அறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஆறும் முளைச்சுது" என்றேன். "நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். காத்திருந்தார்.

"ஊருக்குப் போறச்சே தண்ணியக் கொட்டச் சொல்லிட்டுத்தான் போனா. பன்னண்டு நாளும் நான் கொட்டல. அவமேல இருந்த கோபம். நான் அவளுக்கு எத்தனையோ தரம் சொன்னேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷாக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்க்காமல், தர்ப்பையை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு தர்ப்பணத்தை ஆரம்பித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. முடித்ததும் தாம்பாளத்துத் தண்ணீரைத் தொட்டியில் விட்டார். விதையை மட்டும் தனியே விரலால் அழுத்திப் புதைத்தார். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

நாலாம் நாள் ஒன்றும் முளைக்கவில்லை. ஆறாம் நாளும் இல்லை. காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார், நான் காபியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கிள்ளிப் போட்ட ஆறையும் நினைத்து நினைத்து அடுப்படியில் அழுதேன். ஒன்பதாம் நாள் அவர் பால்கனியிலிருந்து வர நேரமாயிற்று. எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு கவட்டை இலை.

மூன்று நாள் கழித்து அவரே தொட்டியைத் தூக்கிக் கம்பியில் கட்டினார், அடியில் ஒரு தட்டும் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிப் பன்னிரண்டு நாளுக்குப் பின் முதல் பேச்சுப் பேசினார்.

"தண்ணி நான் விடறேன். தட்டை நீ பாத்துக்கோ."

துர்கா பூஜை வந்து போயிற்று. ஒரு சாணில் அவர் நுனியைக் கிள்ளினார். கொடி கிளைத்து, கம்பியைத் தாண்டிக் கீழே இறங்கியது. கார்த்திகை பிறந்தபோது முதல் பூ விட்டது. தினம் சாயங்காலம் நான் தட்டைச் சாய்த்துக் கொட்டிவிட்டு உள்ளே வருவேன். வந்ததும் அவர் எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார். போன வாரம் வரை ஒரு நாள்கூட விட்டதில்லை. எனக்கு அதில் கோபம் வருவதில்லை. என் ஆயுளில் கோபம் வராத விஷயம் அது ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு மோர் ஊற்றினேன். அப்போது பால்கனியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

நகவெட்டி மாதவியின் அலமாரியில், காலிக் குப்பியோடு பூட்டியிருக்கிறது. சாவி அவர் பூணூலில். கொடியில் காய் இன்னும் பச்சை, வெட்டுவதற்கு விதை என்று ஒன்று இந்த வீட்டில் கிடையாது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கை சாதத்தில் அப்படியே நின்றிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

நான் எழுந்து போனேன். பால்கனியில் யாரும் இல்லை. பூவெல்லாம் வெயிலில் சுருங்கிவிட்டது, கொடி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். முந்தின நாள் முழங்கால் வலியில் சீக்கிரம் படுத்தவள், கொட்ட மறந்திருக்கிறேன். அவரும் அன்று டாக்டர் வீட்டிலிருந்து நேரம் கழித்து வந்தவர், பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைச் சாய்த்தேன். கடைசிச் சொட்டு விழுகிற வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் சாப்பாட்டு இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தண்ணி இருந்துதா?"

"இருந்துது. கொட்டிட்டேன்."

அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மோர் சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.