தலையணைக்குள் இருபது கெஜம்

என் புருஷன் ஜெய்னுதீன் இரண்டு வருஷமாக எதன்மேல் தலை வைத்துத் தூங்கினார் என்பது அவருக்கே தெரியாது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து எங்கள் கிள்ளானுக்குள் வந்த மறுமாதமே, ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாத் துணியையும் ஒப்படைக்க வேண்டும், ஒரு முழம் ஒளித்தாலும் தலை போகும் என்று உத்தரவு போட்டான். இவர் பயந்த மனிதர். அது நேர்மையா பயமா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கடையைத் துடைத்து லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இனி என்னிடம் ஒன்றும் இல்லை என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அதற்குள் நான் ஒரு பீஸ் வெள்ளை மல் துணி, இருபது கெஜம், இழுத்து வந்து அவர் தலையணைக்குள் திணித்துத் தைத்துவிட்டேன். தலையணை ஏன் கல்லு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். ஜப்பான் காலத்தில் பஞ்சும் கெட்டுப்போச்சு என்றேன். பாவம், நம்பிவிட்டார்.

உடுத்துகிற ஆசைக்கு ஒளிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நாளைக்கு நாங்கள் மவுத்தாகிக் கண்மூடினால், சுற்றி அடக்கக் கபனுக்காவது ஒரு துணி வேண்டாமா? அப்போது ஊரில் ஆண்கள் கோணியை வெட்டிக் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது நானும் அமீனா பீவியும்தான். கபன் துணி கிடைக்காமல் மூன்று பெண்களைப் பாயில் சுற்றி அனுப்பினோம். மூன்று தடவையும் வீட்டுக்கு வந்து அந்தத் தலையணையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணக்கை அல்லாஹ் என்னிடம் கேட்பான்.

நாலாவதாக மவுத்தானது பக்கத்து வீட்டு ஜுபைதா. காய்ச்சல், ஆறே நாள்.

அவளுடைய புருஷன் கௌஸ் ஜப்பான் போலீஸ் ஆபீசில் துபாஷி, மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை. அவன் வாய் திறந்தால் யாராவது ஒருத்தர் காணாமல் போவார் என்று தெருவே நடுங்கும். எதிர்வீட்டு மளிகைக்கடைத் தம்புசாமி ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று சொன்னது அவன்தான். பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனார்கள், எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அவர் மனைவி வள்ளியம்மா தினமும் காலையில் கொட்டாங்குச்சியோடு எங்கள் அடுப்பில் நெருப்பு வாங்க வருவாள். தீப்பெட்டி குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. கௌஸ் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். ஆனால் ஜுபைதா தங்கமான பெண். நான் நோயாகப் படுத்திருந்தபோது, லாத்தா என்று சொந்த அக்கா மாதிரிக் கூப்பிட்டுத் தினமும் ஒரு கை அரிசி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தருவாள். அந்த அரிசி எந்த வழியில் வந்ததென்று தெரிந்தேதான் கஞ்சி வைத்துக் குடித்தேன்.

கௌஸ் துணி கேட்டு ஆபீசுக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் இரண்டு அரிசிக் கோணி. அதைத் தயங்கித் தயங்கி அமீனா பீவியிடம் நீட்டினான், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜுபைதாவை அந்தக் கோணியில் வைத்துப் பார்க்க என் மனசு ஒப்பவில்லை. சோப்பு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து தலையணையைப் பிரித்துவிட்டேன். பத்து கெஜத்தை வெட்டி, வயிற்றில் சுற்றி, மேலே சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

அமீனா பீவி துணியைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். பெண் மையித்துக்கு ஐந்து துண்டு வேண்டும், கையால் கிழிப்பதுதான் வழக்கம். புது மல் துணியைக் கிழித்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது எங்கள் ஜவுளிக்காரத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சத்தம். இரண்டு வருஷமாக யார் காதிலும் விழாத சத்தம். மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களைக் குர்ஆனிலிருந்து யாசீன் உரக்க ஓதச் சொன்னேன். அவர்கள் குரல் ஏறும்போது ஒரு சாண் கிழிப்பேன், இறங்கும்போது நிறுத்துவேன். துணியின் ஓரத்தில் எங்கள் கடை முத்திரை நீல மையில் பளிச்சென்று இருந்தது. அந்த நாலு விரல் துண்டை மட்டும் நறுக்கி மடியில் செருகிக்கொண்டேன்.

முகம் பார்க்கக் கௌஸைக் கூப்பிட்டோம். குனிந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு துணியைப் பார்த்தான், விரலால் தொட்டுப் பார்த்தான். புதுத் துணியின் கஞ்சி மணம் எனக்கே அடித்தது. எழுந்து வெளியே போனான். மையித்தைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க வந்த என் புருஷனும் பார்த்தார். முப்பது வருஷம் துணி விற்ற கண், ஏமாறுமா? முகம் சாம்பலாகிவிட்டது.

அடக்கம் முடிந்து வந்தவர் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை கெஜம்?"

சொன்னேன். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். "இதுமேலயா ரெண்டு வருஷம் தூங்கினேன்?" என்றவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவேயில்லை.

அப்போதுதான் மடியைத் தொட்டேன். முத்திரைத் துண்டு இல்லை.

மூன்று நாள். மவுத்தான வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் போனேன். போகிற சாக்கில் குளிப்பாட்டிய இடம், வாய்க்கால், குப்பை எல்லாவற்றையும் கண்ணால் துழாவினேன். கௌஸ் நாற்காலியில் உட்கார்ந்து நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் என் புருஷன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்வார். கூட்டிப்போனால் வெறும் மேலோடு போகக்கூடாதாம். மிச்சப் பத்து கெஜத்தை எரித்துவிடலாம் என்றால் துணி கருகும் வாசனை தெருவுக்கே சொல்லிக்கொடுக்கும்.

நாலாம் நாள் காலை கௌஸ் எங்கள் வாசலில் வந்து நின்றான். ஆபீஸ் தொப்பி தலையில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தான். நீல மையில் என் புருஷன் பெயர்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். "ஒளிச்சது நான். எழுதறதா இருந்தா என் பேரை எழுதிக்க."

கௌஸ் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கொண்டு போயிட்டேன், லாத்தா. வேற யாராச்சும் முந்திக்கிட்டுச் சொன்னா என் தலைல்லா போவும்." அவன் தொப்பியைக் கழற்றினான். "உள்ள போவ கால் வரல. அவளைக் கோணியில அனுப்பாம காப்பாத்தினீங்க. இதை அடுப்புல போடுங்க."

வாங்கி அடுப்பில் போட்டேன். நாலு விரல் துணி, ஒரு நொடியில் கருகிச் சுருண்டது. பின்னால் என் புருஷன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அந்த நிமிஷம் ஒரு கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. அதே வாசலுக்குத் தம்புசாமி பேரைக் கொண்டு போன அன்றைக்கு உன் கால் ஏன் நிற்கவில்லை? ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். கேட்டிருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றாவது கேட்டிருக்க வேண்டும், அந்த ஆபீசில் அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆனால் என் புருஷன் சட்டை போட்டபடி பின்னால் நிற்கிறார். கேட்டால் இவன் மனசு மாறிவிடுமோ என்று பயம். கேள்வியை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டியா, தம்பி?" என்றேன். தட்டில் கரண்டியால் கிழங்கை எடுத்து வைத்துக் கொடுத்தேன். அவன் எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்து தின்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு வள்ளியம்மா வந்துகொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு, கையில் கொட்டாங்குச்சி. நெருப்புக்கு வந்தவள் பாதித் தெருவில் நின்று, கௌஸையும் என் கையிலிருந்த கரண்டியையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே கொட்டாங்குச்சியில் நெருப்பை அள்ளிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. நெருப்பு அணைகிற வரைக்கும் நின்றேன், கதவு திறக்கவில்லை.