சாவு வீட்டுக் காவல்

எங்கள் கிராஸில் யார் செத்தாலும் நான் அடக்கத்துக்குப் போவதில்லை. மனசில்லாமல் இல்லை. போகவிட மாட்டார்கள்.

இது இரண்டு வருஷத்து வழக்கம். நீலசந்திராவில் எங்கள் கிராஸ், அதாவது குறுக்குத் தெரு, ரொம்பக் குறுகல். இந்த வீட்டில் தாளித்தால் எதிர் வீட்டில் தும்முவார்கள். அதனால் ஒரு சாவு விழுந்தால் கிராஸே கிளம்பிவிடும். பெயிண்டர் தாஸ் இறந்தபோதும் அப்படித்தான் கிளம்பியது. தெருமுனையில் தாஸின் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். எத்தனை மணிக்குப் பூசை, எத்தனை மணிக்கு அடக்கம், எந்தக் கல்லறை, எந்த வீட்டு நம்பர், எல்லாம் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. திருடனுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் யார் அடித்துக் கொடுப்பார்கள்? மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மூன்று வீட்டில் பூட்டு உடைந்து கிடந்தது.

அப்புறம் ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்து கூட்டம் போட்டார். சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஊருக்குப் போவதைப் பால்காரனிடம் சொல்லாதீர்கள், கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டே ஸ்டேட்டஸ் போடாதீர்கள் என்று அடுக்கினார். கடைசியாக, "சாவுன்னா எல்லாரும் ஒட்டுக்கா போயிடறீங்க. ஒரு ஆளாவது இருக்க வேணாமா?" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மாடியில் ஒற்றை அறை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஒரு விசிலை வாங்கிக் கையில் கொடுத்து, வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஏழு சாவு. ஏழுக்கும் நான் கிராஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் அறையில் ஒரு குக்கரும் மிக்ஸியும்தான் இருக்கின்றன. அதைத் திருட எவனும் வரப்போவதில்லை. ஊரார் பொருளுக்கு நான் காவல்.

போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் எட்டாவதாகச் செத்தது மௌரீன்.

மௌரீனும் நானும் கார்மெண்ட்ஸில் பத்தொன்பது வருஷம் ஒரே செக்கிங் டேபிளில் நின்றவர்கள். சட்டையை விரித்தால் இடது கை அவளுக்கு, வலது கை எனக்கு. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, பிறகு புருஷனையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சர்க்கரை அவள் கிட்னியைத் தின்றபோது, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போவேன். கையில் ஊசியோடு படுத்துக்கொண்டும் அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏன் நோரா, என் அடக்கத்துக்காவது வருவியா? இல்ல அன்னிக்கும் எல்லார் வீட்டுக்கும் பூட்டா தொங்குவியா?"

"வரேன்டி. மொத மண்ணு நான்தான் போடுவேன். நீ மொதல்ல சாவு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

ஆக, அன்றைக்கு நான் பகல் பன்னிரண்டு மணிக்கே வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். இந்தத் தடவை யார் கேட்டாலும் முடியாது என்று சொல்வதாக இருந்தேன். இரண்டு மணிக்குப் பெட்டியை எடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் இருக்கும்போது மௌரீனின் மகள் சிந்தியா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஆன்ட்டி, அம்மா நகையெல்லாம் பீரோல அப்படியே இருக்கு. காலையிலேருந்து யார் யாரோ வந்துட்டுப் போறாங்க. எனக்கு வேற யாரையும் நம்ப முடியல. நீங்க வீட்ல இருந்தீங்கன்னா நான் நிம்மதியா அம்மாவ அனுப்பி வைப்பேன்."

சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். தாயைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிற பெண்ணிடம் என்னவென்று சண்டை போடுவது? "சரி கண்ணு" என்றேன். சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் மௌரீனின் நெற்றியில் கை வைத்தேன். ஐஸாக இருந்தது. "மன்னிச்சுக்கடி" என்றேன். வேறென்ன சொல்ல? எதிர் வீட்டு வீணா வேனில் ஏறும்போது, "நம்ம மனேயும் ஸ்வல்ப பாத்துக்கங்கக்கா" என்று தன் வீட்டையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அப்படி ஒரு அசதி.

கிரில்லை உள்பக்கம் பூட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே ஷாமியானாவும் காலி நாற்காலிகளும். மூன்று மணிக்குப் பூசை, நான்கு மணிக்கு ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம். இங்கிருந்து நடந்தே போகிற தூரம்தான். இந்நேரம் பெட்டியை மாதா கோயிலுக்குள் கொண்டு போயிருப்பார்கள் என்று மணியைப் பார்த்துப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே காலுக்கு ஒருவன் வந்தான். நாற்பத்தைந்து வயசிருக்கும். தோளில் பை, ஒரு வார தாடி. கிராஸை மேலும் கீழும் பார்த்தான். ஒவ்வொரு வீட்டு நம்பராகப் படித்தான். நேராக வந்து மௌரீன் வீட்டுக் கிரில்லைத் தொட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, எல்லாரும் போயிட்டாங்களா?"

எஸ்.ஐ. சொன்ன அதே கேள்வி. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று விசாரிப்பவனை நம்பாதீர்கள் என்று தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷக் காவலில் இதற்கும் ஒரு வித்தை பழகியிருந்தேன்.

"எங்க போவாங்க? எல்லாரும் உள்ளதான் இருக்காங்க" என்றேன். பிறகு காலி வீட்டைப் பார்த்துத் திரும்பி, "ரகு, வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு" என்று சத்தமாகக் குரல் கொடுத்தேன். ரகு என்று ஒருவனும் கிடையாது. தனியாக இருக்கும் பொம்பளை ஆம்பளைப் பெயரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் இதைக் கேட்டால் நடையைக் கட்டிவிடுவார்கள். இவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஷாமியானாவுக்குக் கீழே கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான்.

அட, என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக அவனை போட்டோ எடுத்து, 'சந்தேகமான ஆள், மௌரீன் வீட்டு வாசலில்' என்று குரூப்பில் போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பூசையில் போனை அணைத்து வைத்திருப்பார்கள். விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். ஊதினால் யார் வருவார்கள்? கிராஸில் ஆளே இல்லை. பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. அவன் அசையவில்லை. நானும் ஜன்னலை விட்டு அசையவில்லை.

மூன்றே முக்காலுக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"யாருப்பா நீ? எதுக்கு இங்கயே உக்காந்திருக்க? கிளம்பு. இல்லேன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

அவன் எழுந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான்.

"உள்ள வர மாட்டேன்க்கா. என்னை உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும். பெட்டிய வெளிய எடுக்கும்போது மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். நான் மௌரீன் தம்பி, நீல்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனேன். நீலை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் கதை எனக்குத் தெரியும். டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு மௌரீன் அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாம்பியன் ரீஃபில் அவர்கள் அம்மா இறந்தபோது, அம்மாவின் நாலு வளையலைக் காணோம். கூட இருந்தவன் நீல்தான். மௌரீனின் புருஷன் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டுவிட்டார். மௌரீன் தடுக்கவில்லை. அவன் அன்றோடு போனவன். ஆறு மாசம் கழித்து வீட்டைக் காலி பண்ணும்போது அரிசி டின்னுக்கு அடியில் வளையல் கிடைத்தது. திருடனுக்குப் பயந்து கிழவியே ஒளித்து வைத்திருந்தது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட போய் நிப்பேன் நோரா" என்று அழுவாள். போய் நிற்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

கிரில்லைத் திறந்தேன்.

"தம்பி, உள்ள யாரும் இல்லப்பா. ரெண்டு மணிக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம்."

அவன் என்னையே பார்த்தான். "எல்லாரும் உள்ள இருக்காங்கன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். உன்னைத் திருடன்னு நினைச்சேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் அரை மணி நேரமா யாருக்கு உக்காந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டான். யாரோ சொல்லிக் காலையில்தான் விஷயம் தெரிந்ததாம். மாரிக்குப்பத்தில் ரயிலேறி வந்திருக்கிறான். ரயில் வழியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. கல்லறை எங்கே என்று கேட்டான்.

வழி சொல்லி அனுப்பியிருக்கலாம். சாவிக்கொத்து கையில் கனத்தது. கிராஸில் பதினெட்டு வீடு பூட்டிக் கிடந்தது. சிந்தியா நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் ஒரு நிமிஷம் நின்றேன், ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம்கூட நின்றிருக்கக் கூடாது. பிறகு கதவையும் கிரில்லையும் வெளியே பூட்டினேன்.

"வா, நானும் வரேன்" என்றேன்.

நடந்தால் நேரமாகும் என்று ஆட்டோ பிடித்தேன். அதுதான் தப்பு. ஓசூர் ரோட்டில் வண்டி நகரவில்லை. சிந்தியாவுக்குப் போன் போட்டேன், அணைத்தே வைத்திருந்தாள். வண்டி நின்ற நேரத்தில் வளையல் கிடைத்த கதையை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அரிசி டின்லயா?"

"ஆமா. உங்கக்கா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. தைரியம் வரல அவளுக்கு."

அவன் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்துவதை நிறுத்தினார். பாதி வழியில் இறங்கி ஓடினோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, முட்டி தேய்ந்து போயிருக்கிறது. ஓடினேன்.

போய்ச் சேரும்போது நாலே கால். பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். கிராஸ் மொத்தமும் சுற்றி நின்றது. எல்லாரும் ஒரு கை போட்டு முடித்து, பெட்டி மேல் மண் மூடியிருந்தது. ஃபாதர் கடைசி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் பார்க்க வந்தவனுக்கு முகம் இல்லை. என்னால்தான் இல்லை.

சிந்தியாதான் என்னை முதலில் பார்த்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. கட்டிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் என் பக்கத்தில் நின்ற மாமனைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க இங்க வந்துட்டா வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல கண்ணு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அது காதுக்குக் காது போனது. சிந்தியாவின் புருஷன் கிறிஸ்டோபர் போனை எடுத்தான். அதில் நான் போட்ட போட்டோ வந்திருந்தது. அதைப் பார்த்தான், நீலைப் பார்த்தான், பைக் சாவியைத் தேடிக்கொண்டே வெளியே நடந்தான். அவன் பின்னால் வீணா போனாள். அப்புறம் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர். செருப்புச் சத்தத்தில் ஃபாதரின் குரல் கேட்கவில்லை. வீட்டில் ஒரு துரும்பும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. ஃபாதர் ஆமென் சொன்னபோது பதில் சொல்லக் குழி வெட்டும் இரண்டு பேரும் சிந்தியாவும் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

நீல் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினான். அக்கா, அக்கா என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. நானும் குனிந்து போட்டேன். நிமிர்ந்தபோது சிந்தியா கேட் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க கண்ணு ஓடற? உங்கம்மா இங்க இருக்கா."