ரோசிலி டீச்சருக்குப் போட்ட துண்டு

கேரளத்துப் பெரும்பாவூரில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். என் ஏழாம் வகுப்பை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். பாதிப் பிள்ளைகள் எங்கள் ஊர். மீதி, பிளைவுட் கம்பெனிகளுக்கு அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அதனால் புதன்கிழமை கடைசி வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். ஒருவர் தன் வீட்டு வழக்கத்தைச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். "ரோசிலி டீச்சருக்கு வேற வேலை இல்ல" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில், அசாம்காரப் பெண் ஜூரியின் படிப்பை அவள் அப்பா தீபேன் நிறுத்தப் போகிறார் என்று தெரிந்தது. பரீட்சை முடிந்ததும் ஊருக்கு அனுப்பி, சித்தப்பாவின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைப்பதாக ஏற்பாடாம். கணக்கில் புலி அவள். எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் அவள் தோழியான எங்கள் ஊர்ப் பெண் ஃபிதாவை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு, அவர்களுடைய பிஹு பண்டிகை அன்றே வீட்டுக்குப் போனேன்.

ஜூரியின் அம்மா பினீதா, சிவப்புப் பூக்கரை வைத்த வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் என் கழுத்தில் போட்டுக் கும்பிட்டாள். எங்கள் ஊரில் சிவப்புக் கரைத் துண்டு என்றால் குளித்துத் தலை துவட்டத்தான். எள்ளும் வெல்லமும் வைத்த பிட்டா என்ற அரிசிப் பலகாரத்தைச் சாப்பிட்டேன், கை கழுவினேன், அந்தத் துண்டிலேயே வாயைத் துடைத்தேன். அதோடு விட்டேனா?

"நல்ல துண்டு. தண்ணிய நல்லா இழுக்குது" என்று பாராட்டு வேறு.

ஜூரியின் படிப்பைப் பற்றிப் பேசினேன். தீபேன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம், பைதேவ்" என்றார். டீச்சரை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுநாளிலிருந்து ஜூரி வரவில்லை. நான்காம் நாள் ஃபிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சர் அந்தத் துண்டுல வாயத் தொடச்சீங்கல்ல."

"அதுக்கு?"

"அது தொடைக்கிறதுக்கு இல்ல டீச்சர். அவங்க அம்மா தறியில நெய்ஞ்சது. பெரிய மரியாதைன்னாதான் போடுவாங்க. ஜூரி புதன்கிழமை கிளாஸ்ல சொன்னாளே."

"எப்போ சொன்னா?"

"நீங்க பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"இப்ப அது எங்க டீச்சர்?"

"பாத்ரூம்ல" என்றேன். தலைச்சாயம் பூசிக் குளித்த அன்று அதில்தான் துவட்டியிருந்தேன். "புதுசா ஒரு நல்ல சேலை வாங்கிட்டுப் போவோமாடி?"

"அய்யோ, வேண்டாம் டீச்சர். அதையே போட்டுட்டு வாங்க."

"கறை போகாதே."

"கறையோடயே வாங்க. மறைச்சாதான் தப்பு."

பன்னிரண்டு வயதுப் பெண் உத்தரவு போட, நான் அந்தத் துண்டோடு அவள் பின்னால் சந்தை வழியே நடந்தேன். மீன்கடை வர்கீஸ், "என்ன டீச்சர், ஆத்துக்குக் குளிக்கவா?" என்றான். நடையை எட்டிப் போட்டேன்.

தீபேனின் கண் நேராகக் கறைக்குத்தான் போனது. நான் எதையும் மறைக்கவில்லை.

"உங்க பொண்ணு இதைப் பத்திச் சொன்னப்ப நான் காது குடுக்கல. அதுதான் என் தப்பு. ஃபிதா சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றேன்.

பினீதா கறையைத் தடவிப் பார்த்தாள். "தலைச் சாயமா?" என்று கேட்டவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீபேன் சிரிக்கவில்லை. ஃபிதாவைப் பார்த்தார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஜூரி சொன்னா. நான் நாலு கேள்வி கேட்டேன். எத்தனை நாள் நெய்யணும், பூவை எப்பிடி எடுக்கணும், ஆம்பளைங்களும் நெய்வாங்களா, எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் போடுவீங்களான்னு."

"ஸ்கூல்ல இதெல்லாமா கேக்கறாங்க?"

"நாங்க கேப்போம்."

தீபேன் என்னிடம் திரும்பினார். "பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்க, எப்ப ஊருக்குப் போறன்னு கேப்பாங்க. எங்க வீட்டு வழக்கத்த ஒருத்தரும் கேட்டதில்ல, பைதேவ்." உள்ளே நின்ற மகளிடம், "நாளைக்கு யூனிஃபார்ம் போடு" என்றார்.

"எட்டாங் கிளாஸுக்கு?" என்று ஜூரி மெல்லக் கேட்டாள்.

"அதுக்கு என்னிக்கு வந்து பேர் குடுக்கணும், பைதேவ்?"

இருபத்தாறு வருடத்தில் என் வகுப்பை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஃபிதாவே பதில் சொன்னாள்.

"ஸ்கூல் தொறக்கிற அன்னிக்கே வாங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."