மூத்தாள் சொன்ன வேடிக்கை

பழங்காநத்தத்தில் காசிமாயன் வாத்தியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பேர் வந்தது அதனால் அல்ல. டவுனிலிருந்து வியாழக்கிழமைதோறும் வரும் பத்திரிகையில் அவருக்கென்று அரைப்பக்கம் விட்டிருந்தார்கள். அந்த வாரம் அவர் மனசு எதிலெல்லாம் லயித்ததோ அதெல்லாம் அதில் வரும். காப்பிக்கடை கிராமபோனில் கேட்ட பாட்டு, யாரோ சொன்ன சிலேடை வெண்பா, ஒரு சிரிப்புத் துணுக்கு. கடைசிப் பத்தியில் மட்டும் செத்துப்போன யாரையாவது நினைத்து எழுதுவார். பாதி வாரங்களில் அது சின்னத்தாயாகத்தான் இருக்கும்.

சின்னத்தாய் அவருடைய முதல் சம்சாரம். கல்யாணமான பதினாலாம் மாசமே விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அதற்குப்பின் வந்தவள் முத்துத்தாய். அவளும் வந்து ஆறு வருஷமாகிவிட்டது.

உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து ஆய்ந்துவிடலாம். செத்தவளை என்ன செய்வது?

"ஏ முத்து, உன் மூத்தாள் நாத்து நடும்போது பாடினா வரப்புல போறவுக நின்னு கேப்பாகளாமே?" என்று கிணற்றடியில் பெண்கள் கேட்பார்கள். முத்துத்தாய் கயிற்றை வெடுக்கென்று இழுப்பாள். அவள் பாடினால் அடைகாக்கிற கோழிகூட எழுந்து போய்விடும். அது அவளுக்கே தெரியும்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. அடுத்த வீட்டு ராமக்காள் கிணற்றடியில் பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தாள்: "நான் எழுதிவைத்திருந்த கவிதையை ஒரு நாள் ஆடு தின்றுவிட்டது. மனம் நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சின்னத்தாய் வந்து, 'வருத்தப்படாதீக. உங்க கவிதையைக் கடைசிவரைக்கும் விடாம முடிச்சது இது ஒண்ணுதானே' என்றாள்."

கிணற்றடியே சிரித்தது. "என்னா வாயிடி அவளுக்கு! செத்தும் சிரிக்கவைக்கிறாளே!"

முத்துத்தாய் குடத்தைத் தரையில் வைத்தாள். அந்த ஆடு திருமங்கலம் சந்தையில் வாங்கிய ஆடு. வாங்கி ஆறு மாசம்கூட ஆகவில்லை. அந்த வேடிக்கையைச் சொன்னவளும் முத்துத்தாய்தான், கீரை ஆய்ந்துகொண்டே. அன்றைக்கு மனுஷன் சிரிக்கக்கூட இல்லை, முறைத்துவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் ஏதோ ராகத்தை இழுத்தபடி சைக்கிளைச் சுவரில் சாய்த்தார் வாத்தியார். முத்துத்தாய் நிலைவாசலை அடைத்து நின்றாள்.

"இந்தாருங்க. நம்ம ஆட்டை எப்ப வாங்கினோம்?"

"ஆடியில. ஏன்?"

"மூத்தவ எப்பச் செத்தா?"

வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அவளுக்குப் பாட்டைக் குடுத்தீக, அழகைக் குடுத்தீக. பொறுத்துக்கிட்டேன். என் வாயிலருந்து வந்ததையும் புடுங்கி அவளுக்குத்தான் குடுக்கணுமா? நான் இன்னும் சாகலையே!"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முத்து, அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லை."

அவள் அசையவில்லை.

"சின்னப் பிள்ளை. என்னைக் கண்டாலே பயம். எங்கிட்டப் பேசினதை விரல் விட்டு எண்ணிப்பிடலாம். பாட்டு மட்டும் நெசம். அதுவும் நான் வீட்டுல இல்லேன்னு நினைச்சுப் பாடினது. எழுத உக்காந்தா அம்புட்டுத்தான் மிஞ்சியிருக்கு. சிரிச்சுப் பேசி வாழ்ந்துட்டுப் போனான்னு எழுத ஆசையா இருந்துச்சு. உன் பேச்சு எந்நேரமும் காதுல கிடக்கு. எடுத்து அவ வாயில வச்சுட்டேன்."

முத்துத்தாய்க்கு அந்தப் பெண்மேல் இரக்கம் வந்தது. அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை, வேறு பக்கமாகப் பற்றிக்கொண்டது. ஒருத்திக்காக ஒரு ஆம்பளை இம்புட்டுப் பொய் சொல்வானா? தனக்காக இவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லையே!

"பாட்டு அவளுக்கே இருக்கட்டும். பேச்சு என்னுது. என் பேரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வழியை விட்டாள்.

அடுத்த வாரம் போட்டார். 'என் மனைவி முத்துத்தாய் சொன்னது' என்று ஆரம்பித்து, அவள் சந்தைக்கடையில் பேரம் பேசிய கூத்தை எழுதியிருந்தார். முத்துத்தாய் தன் பேர்மேல் விரலை வைத்து நாலு தடவை எழுத்துக் கூட்டினாள். ராமக்காள் தானாக வந்து கேட்கட்டும் என்று பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டே தண்ணீருக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. வாத்தியார் அதை மடியில் மறைக்கப் பார்த்தார். தபால்காரரிடம் வாங்கியவளே முத்துத்தாய்தான்.

"படிங்க."

"அய்யா அவர்களுக்கு, முத்துத்தாய் அம்மாளின் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சின்னத்தாய் அம்மாளின் வாய்க்கு இது ஈடாகுமா? ஆட்டைப் பற்றி அவர் சொன்னதை நினைத்து இன்னும் சிரிக்கிறோம். இப்படிக்கு, ஆண்டிச்சாமி."

வாத்தியார் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"எந்த ஊருக்காரன்?"

"கப்பலூர்."

கப்பலூரிலிருந்து வாராவாரம் கடலை கொண்டுவருவார் பேயாண்டி. சித்திரை வரைக்கும் அவரிடம் ஒரு படி கடலைகூட வாங்கவில்லை முத்துத்தாய். வாசலில் கூடையை இறக்கினால் கதவைச் சாத்தினாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அந்த மனுஷனுக்கு விளங்கவே இல்லை.