பூஜைக்கு முந்தைய படங்கள்

“ஒரு டிஸ்க்கைப் புடுங்கிட்டு, ஆயுத பூஜைக்கு முன்னாடி எடுத்த படம் ஒண்ணைக் காட்டுங்க சார்.”

ஆய்வகத்தில் நின்று இதைக் கேட்டவள் ஆராய்ச்சி மாணவி சிவரஞ்சனி. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முந்தின நாள்தான் பேராசிரியர் திருமுருகன் அவளிடம் சொல்லியிருந்தார். அதட்டிச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

எதிரே நின்ற டாக்டர் சத்யபிரியா, புதுக்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர். ஊர் ஊராக முகாம் போட்டுச் சர்க்கரைக்காரர்களின் விழித்திரையைப் படம் எடுத்து வைப்பது அவர்கள் வேலை. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பிடிபடும். அந்தப் படங்களைப் பத்திரமாக வைக்கத்தான், விராலிமலைப் பக்கம் இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரியில் திருமுருகன் ஒரு பெட்டி செய்திருந்தார். உள்ளே ஆறு டிஸ்க். அதில் எந்த ரெண்டு செத்தாலும் ஒரு படம்கூடத் தொலையாது என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கில் சிவரஞ்சனிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“பூஜைக்கு முன்னாடின்னா? அதென்ன?” என்றார் டாக்டர்.

“இந்தப் பொண்ணு இப்பிடித்தான் மேடம். நேரங்காலம் தெரியாம டெஸ்ட் வைக்கும்.” திருமுருகன் சிரித்துக்கொண்டே இரண்டாவது டிஸ்க்கை உருவி மேசையில் வைத்தார். போன வாரம் எடுத்த படம் ஒன்றைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில், நரம்போடிய ஒரு விழித்திரை பளிச்சென்று வந்து நின்றது. “டிஸ்க் இங்க கெடக்கு. படம் அங்க வருது. போதுமா?”

“இது புதுசு சார். நான் பழசைக் கேட்டேன்.”

“பழசும் புதுசும் ஒரே பெட்டிதாம்மா.”

டாக்டருக்குப் பசி. காலையிலிருந்து குடுமியான்மலை முகாமில் நின்றுவிட்டு நேரே வந்திருக்கிறார். “சாப்பிட்டு வந்து பெட்டி சரின்னு கையெழுத்துப் போட்டுர்றேன் சார். எங்க மெஷின்ல எடமே இல்ல. அதான் ஒங்ககிட்ட எல்லாம் இருக்கே, பழசைச் சாயங்காலமே அழிச்சிரச் சொல்லியிருக்கேன்,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த சாப்பாட்டு ஹாலுக்குப் போனார்.

கதவு சாத்தியதும் திருமுருகன் டிஸ்க்கைத் திரும்பச் செருகினார்.

“நேத்தே சொன்னேன்ல?”

“சொன்னீங்க சார்.”

நடந்த கூத்து இதுதான். ஆறில் நாலு டிஸ்க்கில் படங்கள். ஐந்தாவதில் அந்த நாலையும் கூட்டிய தொகை. ஆறாவதில் அதே நாலையும் வேறு விதமாகப் பெருக்கிக் கூட்டிய தொகை. நாலில் ஒன்று செத்தால், மிச்சம் மூன்றையும் கூட்டுத்தொகையையும் வைத்துச் செத்ததை எழுப்பிவிடலாம். ரெண்டு செத்தால் ஆறாவதும் துணைக்கு வரும். ஆனால் எது ஐந்து, எது ஆறு என்பது செருகியிருக்கும் இடத்தை வைத்துத்தான் பெட்டிக்குத் தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கின் பேரையும் அதற்குள்ளேயே எழுதி வைப்போம் என்று சிவரஞ்சனி ஆரம்பத்திலேயே சொன்னாள். “அதான் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல” என்று முடித்துவிட்டார் அவர்.

ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தில் ஸ்பேனருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் பொட்டு வைக்கும்போது, தன் கையால் செய்த பெட்டியைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார். ஆறு டிஸ்க்கையும் உருவி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் அடுக்கிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். துடைத்த துணியோடு ஸ்டிக்கர் சில வந்துவிட்டன. மறுநாள் செருகும்போது ஐந்தும் ஆறும் இடம் மாறின. படம் இருக்கிற நாலும் சரியாக உட்கார்ந்துவிட்டதால் எல்லாம் அழகாகத் திறந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களுக்கு மாறிய இடத்திலேயே கூட்டுத்தொகை போட்டதால் அவற்றுக்கும் குறையில்லை. பழைய படங்களின் தொகை மட்டும் இடம் மாறிக் கிடந்ததால் அவற்றுக்குக் காவல் போய்விட்டது; டிஸ்க்கைத் திருப்பி மாற்றினாலோ புதுசுக்குக் காவல் போகும். ஒரு டிஸ்க் சாகிற அன்றைக்குத்தான் அது வெளியே தெரியும்.

சிவரஞ்சனி அதைச் சோதித்தது தன் அம்மா அமராவதியின் படத்தை வைத்து. நோயாளிகளில் அவளுக்குப் பேர் தெரிந்தது அம்மா ஒருத்திதான். மூன்றாவது டிஸ்க் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கை ஓட்டினாள். கண் வரவில்லை. கலைத்துவிட்ட எறும்புப் புற்று மாதிரிச் சாம்பல் புள்ளிகள்தான் வந்தன. ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் புகையில் நின்றுகொண்டே அவளைப் படிக்க வைத்த அம்மா, இன்று காலையிலும் போனில் எப்போதும் சொல்வதையேதான் சொன்னாள். “சாரை எதுத்துப் பேசிறாதடி. நம்ம வீட்டுல மொதப் படிப்பு நீயி.”

“படம் ஒண்ணும் தொலையலையே,” என்றார் திருமுருகன். “நாலும் உசுரோட இருக்கு. அடுத்த வாரம் நானே உக்காந்து கூட்டுத்தொகை எல்லாத்தையும் புதுசாப் போட்டுர்றேன். கதை முடிஞ்சிச்சு.”

“மூணாவது டிஸ்க்கு அது வரைக்கும் தாங்காது சார். சிக்னல் மங்கிப்போச்சு. காது மந்தமானவுக ‘என்ன, என்ன’ன்னு கேட்டுக் கேட்டு வெளங்கிக்கிற மாதிரி, ஒரே எடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சு ஊகிச்சுத் தருது.”

“படிக்குதுல்ல?”

“இன்னைக்குப் படிக்குது.”

அவர் நாற்காலியில் சரிந்தார். “ஒனக்கு மட்டும்தான் மொதப் படிப்பா? எங்கப்பா நார்த்தாமலையில கல்லு ஒடைச்சவரு. இந்தக் காலேஜ்ல ஆராய்ச்சின்னு ஒண்ணு நடக்குதுன்னு சொல்ல வைக்க எம்புட்டு அலைஞ்சிருப்பேன். சந்தனம் வச்சதுல டிஸ்க்கு மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா, போற மாநாடெல்லாம் சொல்லிச் சிரிப்பானுக.”

“சிரிக்கட்டும் சார். மேடம் பழசை அழிக்காம இருந்தாப் போதும்.”

“நக்கலா?”

“இல்ல சார். அலுப்பா இருக்கு.”

அது நிஜம். கண்டுபிடித்த அன்றைக்கு வந்த கோபம் இப்போது அனல் இல்லாமல் நெஞ்சுக்குள் கனமாகக் கிடந்தது. பணிவாகச் சொல்லிப் பார்த்தாள், படம் போட்டு விளக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம். அடுத்த வாரம் என்பது இந்தக் கட்டடத்தில் வராத பஸ்.

“ஒன் தீசிஸ் என் டேபிள்லதான் கெடக்கு,” என்றார். “அதைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு நெனைச்சேன்.”

“சொல்லிக் காட்டிட்டீங்க.”

அவர் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒங்கம்மா படத்தை ஒரு பென்டிரைவ்ல ஏத்தி எடுத்துக்க. அதான ஒனக்கு வேணும்?”

“எங்கம்மாவுக்குப் பின்னாடி வரிசையில நின்னவுக பேரு எனக்குத் தெரியாது சார்.”

“மேடம் சாப்பிட்டு வர்ற வரைக்கும் நேரம் இருக்கு. யோசிச்சு நடந்துக்க.”

“யோசிச்சு முடிச்சுட்டுத்தான் காலைல பஸ் ஏறுனேன். ஒங்க வாயாலயே சொல்லிருவீங்கன்னுதான் மேடம் முன்னாடி கேட்டுப் பாத்தேன்.”

மேசையிலிருந்த மடிக்கணினியை எடுத்தாள். திரையில் அம்மாவின் கண்ணும் சாம்பல் புள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூடாமல் அப்படியே கையில் ஏந்திக்கொண்டாள். கதவைத் திறந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. வெளியே ஏசிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மயில் நகரவில்லை.

“சிவரஞ்சனி,” என்றார் பின்னாலிருந்து.

“கூட்டுப் போடுறதை இப்பவே ஆரம்பிங்க சார்,” என்றாள் திரும்பாமல். “மூணாவது ரொம்ப முக்குது.”

சாப்பாட்டு ஹாலில் டாக்டருக்கு அப்போதுதான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.